உராய்வின் பிடி

பல் வரிசையைச் சீர்செய்யும் வைத்தியர் ஒவ்வொரு பல்லின் முகப்பிலும் பிராக்கெட் எனப்படும் சிறு பிடியொன்றை ஒட்டுகிறார். அதன் நடுவேயுள்ள காடியின் அகலம் பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கியதில் 18 அல்லது 22 பங்கு. அக்காடி வழியே வில்போல் வளைந்த கம்பி செல்கிறது. பல்லை இழுக்கும் விசை முழுவதும் வேரைச் சென்றடைவதில்லை. கம்பிக்கும் காடிக்கும் இடையேயுள்ள உராய்வு அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

கம்பியைக் கட்டிவைக்கும் றப்பர் வளையம் இறுக இறுக உராய்வு மிகும். எஃகுக் கம்பி எளிதில் வழுக்கும். டைட்டேனியம் கலந்த கம்பிகள் அத்துணை எளிதில் வழுக்கா. பல் சற்றே சாயுமாயின் காடியின் விளிம்பு கம்பியைக் கவ்விக்கொள்ளும். அக்கவ்வல் சாதாரண உராய்வினும் பொல்லாதது. றப்பர் வளையமே வேண்டாத, தாமே மூடிக்கொள்ளும் பிராக்கெட்டுகளும் வந்தன. சோதனை மேசையில் உராய்வு குறைந்தது. சிகிச்சைக் காலமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மேசை வேறு, வாய் வேறு.

அழுத்தம் மிகுந்தால் உராய்வு மிகும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் அமொந்தோன் 1699இல் எடுத்துரைத்தார். பல் வைத்தியருக்குத் தொல்லை தரும் இவ்விதியே மலைச்சரிவைத் தாங்கியும் நிற்கிறது. மேலுள்ள பாரம் மண்துகள்களை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அதனால் எழும் உராய்வு மண்ணைப் பிடித்துவைக்கிறது. அடைமழையில் துகள்களின் இடைவெளியை நிரப்பும் நீர், பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கத் தொடங்குகிறது. துகள்களின் அழுத்தம் தளர்கிறது, பிடி நெகிழ்கிறது. மழைநீர் எண்ணெய்போல் மண்ணை வழுக்கச் செய்கிறது என்று பலர் எண்ணுவர். நீர் மண்ணைத் தூக்கிவிடுகிறது என்பதே பொருத்தம்.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மழையில் ஊறிய சரிவு பெயர்ந்து லயக் காம்பராக்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுட் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயின் லயம் நிற்கும் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேறிடம் போ என்று சொல்வது எளிது. வீடு கட்டக் காணி வேண்டாமா? தப்பியோருக்கு மாகல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல், அழிவு நேர்ந்த பின்னரே.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருத்தல், 100 ஆனால் ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல் என்பன அந்நிறுவனம் கைக்கொள்ளும் அளவுகள். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதே. மழைமானி இல்லாத தோட்டங்களில் கண்ணே மானி. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனச் சுரக்கும் ஊற்று, கலங்கிவரும் பீலித் தண்ணீர் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், அன்றிரவை அந்த லயத்தில் கழித்தல் ஆகாது.