பந்தாட்டத் திருவிழாவும் பூட்டிய பாடசாலையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது, உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொல்வோம் என்றே எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்லப் பலர் இருக்கின்றனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, விளையாட்டு விழா நடக்கும்பொழுது பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கதவைப் பற்றியது. இதனால் நமக்கு விளையாட்டின்மேல் வெறுப்பு என்று எவரும் எண்ண வேண்டாம். இச்சங்கத்து மைதானத்திலே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள்தாம் நாமும்.

2010 ஆம் ஆண்டிலே உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தென்னாபிரிக்காவில் நடைபெற்றது. ஆபிரிக்க மண்ணில் அவ்விழா நடந்தது அதுவே முதன்முறை. யூன் 11 ஆந் திகதி தொடங்கி யூலை 11 ஆந் திகதி வரை, 9 நகரங்களில், 10 அரங்குகளில், 32 நாடுகளின் குழுக்கள் 64 ஆட்டங்கள் ஆடின. நிறவெறி ஆட்சியின் காரணமாக நெடுங்காலம் உலக விளையாட்டிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த நாடு அது. முதல் ஆட்டத்தில், யொகன்னஸ்பேர்க் நகரின் சொவேட்டோ ஓரத்திலுள்ள பேரரங்கிலே, தென்னாபிரிக்க வீரர் ஷபலாலா மெக்சிக்கோவுக்கு எதிராக முதற் கோலை அடித்தபொழுது எழுந்த ஆரவாரத்தைத் தொலைக்காட்சியில் நாமும் கேட்டோம். அந்த மகிழ்ச்சியை நாம் ஒரு சிறிதும் குறைத்துப் பேசவில்லை.

அவ்விழாவை முன்னிட்டு அந்நாட்டுப் பாடசாலைகள் யூன் 9 ஆந் திகதியோடு தவணையை முடித்துக்கொண்டன. மீண்டும் திறந்தது யூலை 13 இல். வழக்கமாக மூன்று கிழமை அளவில் முடியும் குளிர்கால விடுமுறை அந்த ஆண்டு ஐந்து கிழமையை நெருங்கியது. இதற்குக் காரணங்கள் இருந்தன. தெருக்களில் நெரிசல் குறையும். பிள்ளைகளும் தம் நாட்டில் நடக்கும் விழாவைக் கண்டு களிக்கலாம். ஆட்டம் நடக்கும் நாளிலே வகுப்பில் இருத்தினாலும் எந்தப் பிள்ளை கணக்குச் செய்யப் போகிறது? இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று. பாடசாலைக்கு விடுமுறை, தாய்க்கும் தந்தைக்கும் விடுமுறை உண்டா?

அந்நாட்டின் நிலையைச் சற்று அறிந்தால்தான் இக்கேள்வியின் பாரம் விளங்கும். 1950 ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டம் கறுப்பரையும் இந்தியரையும் கலப்பினத்தாரையும் நகரத்துக்குப் புறத்தே தள்ளிக் குடியேற்றியது. சட்டம் ஒழிந்தது, தூரம் ஒழியவில்லை. வேலை நகரத்தில், வீடு வெகு தொலைவில். சொவேட்டோவில் வாழ்ந்து, நகரின் வடபாகத்து மாளிகை ஒன்றில் வீட்டுவேலை செய்யும் ஒரு தாயை மனக்கண்ணிலே காணுங்கள். யூன் மாதத்தில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணியாகும். மாலை ஐந்தரைக்கு முன் மறைந்துவிடும். அவள் இருளிலே எழுந்து, நெருக்கியடிக்கும் வாடகை வானில் ஏறி, இருளிலேதான் திரும்புவாள். பாடசாலை உள்ள நாளில், பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு விடை உண்டு. விடுமுறை நாளில் அந்த விடை இல்லை. பத்து வயது மூத்தவள் நான்கு வயதுத் தம்பிக்குத் தாயாகிறாள். குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டுகிறாள். தகரக் குடிசைகள் நெருங்கி நிற்கும் அவ்விடங்களில் மண்ணெண்ணெய் அடுப்பினால் நேரும் தீ விபத்துக்கள் எத்தகையன என்பது குளிர்காலந்தோறும் அந்நாட்டார் கண்டு வரும் துயரம்.

“லீவு எடுக்கலாமே” என்று சிலர் சொல்வர். சட்டத்தைப் பார்ப்போம். தென்னாபிரிக்காவின் 1997 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி ஊழியர் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் உரிய லீவு தொடர்ச்சியாக 21 நாட்கள். குடும்பக் காரணத்துக்கென 3 நாட்கள் உண்டு. வீட்டுப் பணியாளருக்கு 2002 ஆம் ஆண்டு விதி அதை 5 நாட்களாக்கியது. ஆனால் அது பிள்ளை நோயுற்றால், நெருங்கிய உறவினர் இறந்தால் கிடைக்கும் லீவு. பாடசாலை பூட்டப்பட்டது என்பது அதற்குக் காரணம் ஆகாது. ஆகவே ஆண்டு லீவு முழுவதையும் அந்த ஒரு விழாவுக்கே செலவழித்தாலும் ஐந்து கிழமையை ஈடுசெய்ய முடியாது. அதுவும், எசமான் அந்த மாதத்திலே லீவு கொடுக்க மனம் வைத்தால்! ஊரெங்கும் விருந்தினர் வந்து குவிந்திருக்கும் மாதத்தில், வீட்டிலும் ஓட்டலிலும் உணவுச்சாலையிலும் வேலை கூடுமேயன்றிக் குறையுமா? விழாவுக்கு வந்தவரின் கட்டிலை விரித்தவள், கோப்பையைக் கழுவியவள், அரங்கின் குப்பையை அள்ளியவள், இவர்களுள் எத்தனை பேர் தாய்மார்! விழா அவர்களை அழைத்தது, ஆனால் வேலைக்கு அழைத்தது.

டர்பன் நகரிலே யூன் 13 ஆந் திகதி இரவு ஜேர்மனிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே நடந்த ஆட்டம் முடிந்தபின், வாக்களித்த கூலி தரப்படவில்லை என்று அரங்கக் காவல் ஊழியர்கள் நள்ளிரவில் முறையிட்டு நின்றனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசி அவர்களைக் கலைத்தனர். அந்த ஊழியர்களின் பிள்ளைகள் அவ்வேளை யார் கவனிப்பில் இருந்தனர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாக நாம் காணவில்லை.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994 இல் மண்டேலா ஆட்சிக்கு வந்தவுடன் தொடங்கிய நற்காரியங்களுள் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டம். 2010 அளவில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதனால் உண்டனர். அது பாடசாலை நாளுக்குரிய உணவு. பாடசாலை பூட்டினால் அடுப்பங்கரையும் பூட்டியதே. இரண்டு கிழமை மேலதிக விடுமுறை என்பது நமக்கு நாட்காட்டியில் ஒரு கோடு. அந்த வீட்டிலே அது பத்து மத்தியான உணவு, பிள்ளைக்குப் பத்தாக. அதோடும் முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 18 இல் அரசாங்க ஊழியரின் வேலைநிறுத்தம் தொடங்கிச் செப்டெம்பர் 6 வரை நீடித்தது. ஆசிரியர் பலரும் அதில் சேர்ந்தனர். ஐந்து கிழமை வீட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள் ஒரு மாதம் கழிந்து மறுபடியும் பூட்டிய கதவைப் பார்த்தனர்.

டர்பன் என்றோம். அவ்வூர் நமக்கு அந்நியமன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவெம்பர் 16 ஆந் திகதி கரும்புத் தோட்டக் கூலிகளை அங்கே இறக்கியது. அவர்களுள் நம் மொழி பேசுவோர் பலர். விழா நடந்த 2010 ஆம் ஆண்டு அந்த வருகையின் 150 ஆம் ஆண்டுமாகும். அம்மக்களுக்கு அரசாங்கம் போதிய பாடசாலை கட்டிக் கொடாத காலத்திலே, அவர்கள் கூலிக்காசைச் சேர்த்துத் தாமே கட்டி, பின்னர் அரசாங்க உதவி பெற்று நடத்தினார்கள். 1927 முதல் 1929 வரை இந்தியாவின் பிரதிநிதியாக அங்கிருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் பெயர் தாங்கும் கல்லூரியும் அவ்வாறு மக்கள் பணத்தால் எழுந்ததே. கற்களைச் சுமந்து கட்டியவர்களுக்குப் பாடசாலை என்பது என்ன என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை படிக்கும் இடம் அது. தாய் தையல் தொழிற்சாலையில் இருக்கும் பொழுதெல்லாம் பிள்ளை பத்திரமாக இருக்கும் இடமும் அதுவே. டர்பனின் உடுப்புத் தொழிற்சாலைகளில் நம்மவர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கின்றனர். பந்தாட்டத்துக்காகத் தையல் இயந்திரம் ஓய்வதில்லை.

இது தென்னாபிரிக்காவுக்கு மட்டும் உரிய குறையன்று. அதே ஆண்டு ஒக்டோபர் 3 முதல் 14 வரை டில்லியில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்தபொழுது அந்நகரப் பாடசாலைகளும் மூடப்பட்டன. பிரேசில் நாடு ஒரு படி மேலே போயிற்று. 2012 இல் இயற்றிய உலகக் கிண்ணச் சட்டத்தின் 64 ஆம் பிரிவிலேயே, 2014 ஆம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்கி முடியும் நாட்கள் முழுவதையும் பாடசாலை விடுமுறை அடக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. இலண்டன் 2012 இல் ஒலிம்பிக் விழாவை நடத்தியது. அது கோடை விடுமுறைக்குள்ளே விழுந்தது. பெற்றார் எப்படியும் ஏதாவது ஏற்பாடு செய்து வைத்திருக்கும் காலம்.

நம் நாட்டிலும் 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது பெற்றார் பட்ட பாட்டை எல்லாரும் அறிவோம். ஆனால் கொள்ளைநோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தென்னாபிரிக்காவுக்கு விழா கிடைத்தது 2004 மே மாதத்தில். ஆறு ஆண்டுகள் இருந்தன. அரங்கு கட்ட, தெரு அகலிக்க, விமான நிலையம் பெருப்பிக்க அந்த ஆறு ஆண்டுகள் போதுமாயிருந்தன.

நமது பெரியோருள் சிலர், “தாய் வீட்டில் இருந்தால் இந்தத் தொல்லை ஏது?” என்று கேட்பது காதில் விழுகிறது. மரியாதையோடு மறுக்கிறோம். நம் மலைநாட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணின் குழந்தைக்கென்று அங்கே பிள்ளைக் காம்பரா இருக்கிறது. துரைமார் அதைத் தருமத்துக்காகவா வைத்தார்கள்? பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் தாயின் கை கொழுந்தில் நில்லாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இலாபக் கணக்குப் பார்த்த துரைக்கு விளங்கிய காரியம் விழா நடத்துவோருக்கு ஏன் விளங்கவில்லை?

டில்லியிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1969 இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்காக ராஜகாட்டில் கட்டட வேலை நடந்தது. கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியிலே கிடப்பதை மீரா மகாதேவன் என்னும் அம்மையார் கண்டார். அறிக்கை எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளை அதற்குள் கொண்டுவந்து பார்த்துக்கொண்டார். வேலைத்தலத்துக்கு வேலைத்தலம் நகரும் குழந்தைக் காப்பகங்களாக அது வளர்ந்தது. தென்னாபிரிக்காவிலும் 2010 இல், மக்கள் கூடித் திரையில் ஆட்டம் பார்த்த சில இடங்களிலே யுனிசெஃப் நிறுவனத்தார் பிள்ளைகளுக்கென்று காப்பிடங்கள் அமைத்தனர். நல்ல காரியம். ஆனால் அது ஆட்டம் பார்க்க வந்த பிள்ளைக்கு. வீட்டில் இருந்த பிள்ளைக்கு அந்தக் கூடாரம் எட்டாது.

நம் கோயில்களில் தேர்த் திருவிழா நடக்கிறது. தகப்பன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறான். தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல், பசிக்கு அன்னதானம், தவறிப்போன பிள்ளையை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்துத் தாயிடம் சேர்ப்பார்கள். பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத் தேர் இழுக்க வா என்று எந்தக் கோயிலும் ஒரு தாயை அழைத்ததில்லை.

இனி நம்மைப் பற்றி. சென்ற ஆண்டு நமது கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்காக மைதானத்தோடு ஒட்டிய பாடசாலையை ஒரு வெள்ளிக்கிழமை அரைநாளோடு விடும்படி கேட்டவர்கள் யார்? நாம்தாம். அதிபரும் மனமுவந்து இசைந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள், நாமும் பெருமைப்பட்டோம். அன்று பதினொன்றரை மணி முதல் நாலரை மணி வரை இரண்டு சிறுபிள்ளைகள் நமது மண்டபத்துப் படியிலே உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் பார்க்கிறார்கள் என்று எண்ணினோம். பின்னேரம் தாய் வேலையுடுப்போடு ஓடி வந்தபொழுதுதான், அவர்கள் மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. விடுமுறை பற்றிய செய்தி அவளுக்கு எட்டியது அன்று காலையிலேதான். அவள் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. “இருந்த இடத்தில் இருந்தார்களே, அது போதும் தம்பி” என்று சொல்லிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஐம்பது யார் தூரத்திலே நமது வீரர்களுக்குச் சோற்றுப் பார்சல் மிஞ்சிக் கிடந்தது.

இந்த ஆண்டுப் போட்டிக்கும் அதே கடிதம் எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் அனுப்பப்படவில்லை. ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்பது நம் எண்ணம். சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்காக மண்டபத்தைக் காலை எட்டு மணி முதல் திறந்து, பாயும் பாணும் பருப்பும் வைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் வேண்டும். மூத்த அம்மாமார் இருவர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மற்ற நால்வரும் இளைஞர்களாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.