பரங்கிப் பூவுக்கு மாப்பிள்ளை தேடும் அண்ணன்

நடுவர் அவர்களே, மாடித் தோட்டத்திலே சூரியகாந்தியும் வேணும்ங்கிறது எங்க அணி.

எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "வீட்டிலே நாலு சூரியகாந்தி வச்சு எண்ணெய் ஆட்ட முடியுமா? சாமிக்குச் சாத்த முடியுமா? தலையிலே வைக்க முடியுமா? அந்தத் தொட்டியிலே ரெண்டு கத்தரி வச்சா குழம்புக்காவது ஆகும்"னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க.

நல்லது. அண்ணன் வீட்டு மாடிக்கே போவோம். போன மாசம் போயிருந்தேன். காலையிலே ஆறரை மணி. அண்ணன் பரங்கிக் கொடி பக்கத்திலே முட்டி போட்டு உட்கார்ந்திருக்கார். கையிலே பறிச்ச ஆண் பூ ஒண்ணு. இதழையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, நடுக் காம்பைப் பெண் பூவுக்குள்ளே விட்டுத் தடவிக்கிட்டு இருக்கார். "என்னண்ணே இது?"ன்னேன். "இப்படிச் செய்யலேன்னா பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துடுது தாயி. மாடிக்கு ஒரு தேனீ வர மாட்டேங்குது"ன்னார்.

நடுவர் அவர்களே! தேனீ பார்க்க வேண்டிய வேலையை ரிட்டயரான ஹெட்மாஸ்டர் பார்த்துக்கிட்டு இருக்கார்! வெயில் ஏறினா பூ மூடிக்கும்னு, சொந்தக்காரங்க வீட்டு முகூர்த்தத்துக்குக்கூடப் போகாம, மூணு கொடிக்கு மாப்பிள்ளை தேடுறார். பெத்த பொண்ணுக்கு இவ்வளவு அலைஞ்சிருப்பாரா? அண்ணிதான் சொல்லணும்!

அண்ணே, விருந்தே வைக்காம விருந்தாளி வரலேன்னு கோவிச்சுக்கிட்டா எப்படி? தேனீ எதை நம்பி உங்க மாடி ஏறும்? சூரியகாந்தியை ஒரு பூன்னு நினைக்கிறோம். பக்கத்திலே போய்ப் பாருங்க. நடுவட்டத்திலே பொடிப் பொடியா நெருக்கி நிக்கிறதே, ஒவ்வொண்ணும் தனிப் பூ. நல்ல தலையிலே ஆயிரத்துக்கு மேலே இருக்கும். ஓரத்திலே இருந்து உள்ளே பார்த்து, வளையம் வளையமா, ஒரு வாரம் போலத் திறந்துக்கிட்டே இருக்கும். ஒரு வாரமும் தினம் புதுப் பந்தி!

இன்னொண்ணு. சூரியகாந்தி எப்பவும் சூரியனோடவே திரும்பும்னு படிச்சிருக்கோம். இளஞ்செடிதான் திரும்பும். பூ விரிஞ்சு முத்தினா கிழக்கே பார்த்தபடி நின்னுடும். காலை வெயில் பட்டதும் சீக்கிரம் சூடேறும். அந்தச் சூட்டுக்குத் தேனீ தேடி வரும். கலிஃபோர்னியாவிலே தொட்டியோட மேற்கே திருப்பி வச்சே சோதிச்சாங்க. 2016-லே முடிவு வெளியாச்சு. கிழக்கே பார்த்த பூவுக்கு 5 மடங்கு அதிகத் தேனீ! அதுவும் எப்போ? காலையிலே. அண்ணனோட பரங்கிப் பூ திறந்திருக்கிற அதே நேரம்!

என் மாடியிலே நாலு பழைய பெயிண்ட் வாளி. சூரியகாந்தி ஊன்றின ரெண்டு மாசத்திலே பூத்துச்சு. தண்டைத் தொட்டா சொரசொரன்னு கையைப் பிராண்டும். பூத்த மூணாம் நாள் பார்க்கிறேன், பின்னங்கால் ரெண்டிலேயும் மஞ்சள் பொடியை உருண்டை கட்டிக்கிட்டு தேனீ நடக்குது. எழும்பி நேரே பாகல் பந்தலுக்குப் போச்சு. இந்த வருஷம் பாகற்காயைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அண்ணே, என் குழம்புக்கும் ஆச்சு!

"விதையைக் கிளி தின்னுடும்"னு ஒரு புகார். தின்னட்டுமே! கிளியைக் கூண்டிலே அடைக்கிறது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியும் கூண்டிலே அடைச்சு, சிறகை வெட்டி, சீட்டு எடுக்க வச்சவங்க நாம. தானாப் பறந்து மாடிக்கு வர்ற கிளிக்கு ஒரு கைப்பிடி விதை கொடுக்கக் கணக்குப் பார்க்கிறதா?

ஆடி, ஆவணியிலே சுந்தரபாண்டியபுரத்துக்குக் கார் போட்டுப் போய், யாரோ பாடுபட்டு விதைச்ச சூரியகாந்திக் காட்டுக்குள்ளே இறங்கிப் போட்டோ எடுக்கிறோம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கோ சூரியகாந்தின்னா எண்ணெய்ப் பாக்கெட்டிலே இருக்கிற படம். இது நியாயமா?

அண்ணே, நாளைக்குக் காலையிலே வீட்டுக்கு வாங்க. காய வச்ச விதை ஒரு கைப்பிடி இருக்கு, தர்றேன். உங்க பரங்கிக்கு ரெண்டடி தள்ளி, நல்லா வெயில் விழுற இடமாப் பார்த்து ஊன்றுங்க.