கத்திக்கு முன் பெயர்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)

 

விருந்துக்கு முன்னால் வயிற்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வயிற்றில் எது வந்தாலும் அதற்குக் 'கேஸ் டிரபிள்' என்றுதான் பெயர். பெருங்காய மோர், ஓமத் தண்ணீர், மருந்துக் கடை மாத்திரை என்று ஆறு மாதம் ஓடிவிடும். தி.நகர் கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். வயிற்றுவலி இல்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்" என்றார். ஹீமோகுளோபின் 6. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதை, நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

எண்டோஸ்கோபியில் இரைப்பைச் சுவரில் ஒரு மேடு தெரிந்தது. மேலாக எடுத்த பயாப்ஸியில் ஒன்றுமில்லை. "அப்ப கேன்சர் இல்லையே, கிளம்பலாமா?" என்றார்கள் வீட்டார். நாங்கள் விடவில்லை. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்து, அடி அடுக்கிலிருந்து ஊசியால் சதை எடுத்தோம். 'ஜிஸ்ட்' என்ற அபூர்வக் கட்டி அது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரைப்பைப் புற்றில் பெரும்பாலானவை உள்சவ்வில் பிறப்பவை. அவற்றுக்கு இரைப்பையின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஜிஸ்ட் தசை அடுக்கில் பிறப்பது. நிணநீர் முடிச்சுகளுக்கு அபூர்வமாகவே பரவும். கொஞ்சம் நல்ல சதையோடு கட்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் கட்டி உடையவே கூடாது. உடைந்தால் வயிறெங்கும் விதை தூவினாற்போல ஆகிவிடும். மால்ட் லிம்ஃபோமா என்று இன்னொன்று. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி தூண்டிவிடுவது. ஆரம்ப நிலையில் பலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே கரைந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்!

பெரிய ஜிஸ்ட் கட்டியைச் சுருக்கவும், ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வராமல் தடுக்கவும் இமாடினிப் மாத்திரை இருக்கிறது. 2001இல்தான் இது ஜிஸ்ட்டுக்குப் பலிக்கும் என்று உலகுக்குத் தெரிந்தது. இதன் காப்புரிமை வழக்கு நம் ஊரில் தொடங்கியது. நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. கம்பெனி மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பு சுமார் 8,000 என்று அப்போது பேசப்பட்டது. எங்கள் கடைக்காரர்கள் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

நண்பர்களே, கறுப்பு மலம், காரணம் தெரியாத சோகை, நாலு கவளத்திலேயே வயிறு நிரம்புவது, எடை குறைவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். சில நிமிஷ வேலை.

மாணவர்களே, நோயாளி கும்பிடுவது சர்ஜனை. பயாப்ஸித் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்லும் பேதாலஜி டாக்டரை அவர் பார்ப்பதேயில்லை. அவர் சொன்ன பிறகுதான் நான் கத்தியைத் தொடுகிறேன். அந்த வேலைக்கு உங்களில் சிலராவது வரவேண்டும்.