இதயத்துக்கும் மூச்சு வேண்டும்

தொடர்கல்வி மையத்தில் கூட்டமாக உட்கார்ந்து படிக்கவும் பேசவும் ஏற்ற உரை

 

முதலில் ஒரு சின்ன வேலை. வலது கையை மடக்கி மூடுங்கள். அந்த முட்டியைப் பாருங்கள். உங்கள் இதயம் ஏறக்குறைய அந்த அளவுதான். எடை சுமார் 300 கிராம். ஆனால் அது செய்யும் வேலையைக் கேட்டால் அதிசயமாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 72 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை. நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாள் கணக்கு 7,200 லிட்டர். 200 லிட்டர் தண்ணீர் டிரம் தெரியும் அல்லவா? அதில் 36 டிரம்!

கை வலித்தால் வேலையை நிறுத்தி உட்காருகிறோம். இதயம் உட்கார முடியுமா? முடியாது. பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை. கடைசி மூச்சு வரை ஓடியே ஆக வேண்டும்.

சரி, இவ்வளவு இரத்தத்தை ஏன் தள்ள வேண்டும்?

இரத்தம் சுமக்கும் சுமை

மூச்சை இழுக்கிறோம். காற்று நுரையீரலுக்குப் போகிறது. காற்றில் 100 பங்கு என்றால் 21 பங்கு பிராணவாயு. ஆக்சிஜன் என்பதும் இதுதான். அடுப்பு எரியக் காற்று வேண்டும். அதுபோல, சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் பலமாக மாற ஆக்சிஜன் வேண்டும்.

நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போவது இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள். அவற்றுக்குள் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அதில் இரும்புச் சத்து உண்டு. சிவப்பு அணுவை ஒரு மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின்தான் அதில் உள்ள சாக்கு. ஆக்சிஜன்தான் சாக்கில் உள்ள நெல். வண்டியை ஓட்டுவது இதயம்.

வண்டி மூளைக்குப் போகிறது. சிறுநீரகத்துக்குப் போகிறது. கால் விரல் நுனி வரை போகிறது. இறக்க வேண்டியதை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

இதயத்துக்கு யார் கொடுப்பது?

இங்கே ஒரு கேள்வி வரும். “இதயத்துக்குள்ளேயே எப்போதும் இரத்தம் நிறைந்து இருக்கிறதே. அதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதிலேயே எடுத்துக்கொள்ளாதா?”

எடுத்துக்கொள்ள முடியாது. இதயத்தின் சுவர் தடித்த தசையால் ஆனது. உள்ளே ஓடும் இரத்தம் அந்தத் தசை முழுவதற்கும் ஊறிப் போகாது. ஆகவே இதயத்துக்கென்று தனி இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இவை பெரிய தமனியின் தொடக்கத்திலேயே பிரிந்து, இதயத்தின் மேல் கொடிபோலப் படர்ந்து, கிளை கிளையாகத் தசைக்குள் போகின்றன. ஊருக்கெல்லாம் சோறு போடும் சமையல்காரருக்கும் தனி இலை போட வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

இன்னொரு செய்தியும் முக்கியம். ஓய்வாக இருக்கும்போது, உடம்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் 100க்குச் சுமார் 25 பங்கைத்தான் உடம்பு எடுக்கிறது. மீதி இருப்பாக நிற்கிறது. ஆனால் இதயத் தசை 70 பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறது. அதற்கு இருப்பு மிகவும் குறைவு.

மூட்டை தூக்கும்போதும், மேடு ஏறும்போதும், கோபப்படும்போதும் இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். வண்டியில் மிச்சம் இல்லை. அப்படியானால் என்ன வழி? வண்டிகள் அதிகம் வர வேண்டும். அதாவது குழாயில் இரத்தம் அதிகம் ஓட வேண்டும். நல்ல குழாய் விரிந்து கொடுக்கும். அடைப்பு உள்ள குழாய் என்ன செய்யும்?

ஏரியும் வாய்க்காலும்

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. வாய்க்காலில் மண் சரிந்து கிடக்கிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வெயில் கடுமையாக இல்லாத நாளில் பயிர் எப்படியோ நிற்கும். வெயில் ஏறினால் வாடும். வாய்க்கால் முழுதும் அடைபட்டால் காயும்.

நுரையீரல்தான் ஏரி. இதயத் தமனிதான் வாய்க்கால். இதயத் தசைதான் வயல். குழாயின் உள்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. குழாய் குறுகுகிறது. பெரும்பகுதி குறுகும் வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு, வேகமாக நடந்தால் நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல இருக்கும். உட்கார்ந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். “வயசாகிவிட்டது” என்று விட்டுவிடுவார்கள். அது வயசின் குறை அல்ல. ஆக்சிஜன் போதவில்லை என்று இதயம் சொல்லும் முதல் சொல்.

ஒரு நாள் அந்தக் கொழுப்புப் படிவு வெடிக்கிறது. அதன் மேல் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. குழாய் முழுதும் அடைபடுகிறது. இதுதான் மாரடைப்பு. அடைபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தசைக்கு ஆக்சிஜன் இல்லை. சுமார் 20 நிமிடத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் அந்தப் பகுதியில் பெரும்பங்கு போய்விடுகிறது. செத்த தசை திரும்ப முளைக்காது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தார்கள். பணக்காரர் நோய் என்ற பேச்சு இனி வேண்டாம். சூளையில் கல் சுமப்பவருக்கும் வருகிறது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் வருகிறது.

“வாய்வாகத்தான் இருக்கும்”

ஒரு வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணி. வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பாரம். வேர்த்துக் கொட்டுகிறது.

“என்னங்க, என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லை. ராத்திரி மொச்சைப் பயறு சாப்பிட்டேன். வாய்வாத்தான் இருக்கும். கொஞ்சம் ஓமத் தண்ணி போடு.”

ஓமத் தண்ணீர் குடிக்கிறார். பிறகு ஒரு சோடா. பிறகு நெஞ்சில் தைலம். மணி ஐந்து. “விடிஞ்சதும் போவோம்.” பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். மணி ஒன்பது. ஐந்து மணி நேரம் போய்விட்டது.

ஓமத் தண்ணீர் கெட்டதா? இல்லை. ஆனால் அது வயிற்றுக்குப் போகும். இதயத்தின் வாய்க்காலுக்குப் போகாது.

இந்த அறிகுறிகளை நினைவில் வையுங்கள். நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல். இடது கை, இரண்டு கை, தாடை, கழுத்து, முதுகுக்குப் பரவும் வலி. குளிர்ந்த வேர்வை. மூச்சு வாங்குதல். வாந்தி, மயக்கம். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். மூச்சுத் திணறலும் பெரும் அசதியும் மட்டுமே தெரியலாம்.

விரலில் மாட்டும் கருவி

2021இல் கொரோனா இரண்டாம் அலை வந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் அலைந்தார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் சின்னக் கருவியைப் பல வீடுகளில் வாங்கினார்கள். அதனால் ஓர் எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. “கருவியில் 98 காட்டுகிறது. ஆகவே பயம் இல்லை.”

கவனியுங்கள். அந்தக் கருவி ஏரியின் அளவைத்தான் சொல்லும். வாய்க்கால் அடைபட்டதைச் சொல்லாது. விரலில் 98 இருக்கும்போதே இதயத் தசையின் ஒரு பகுதி ஆக்சிஜன் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் போதுமா? ஸ்வீடன் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 6,629 பேர். எல்லோருக்கும் இரத்தத்தில் ஆக்சிஜன் 90க்குக் குறையாமல் இருந்தது. பாதிப் பேருக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 2017இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்து இறப்பில் இரண்டு பக்கமும் வேறுபாடு இல்லை. நிறைந்த ஏரியில் மேலும் தண்ணீர் ஊற்றினால் அடைபட்ட வயலுக்கு என்ன பயன்? இரத்தத்தில் அளவு குறைந்தவர்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் மாரடைப்பில் முதல் வேலை வாய்க்காலைத் திறப்பது.

திறக்க இரண்டு வழி உண்டு. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி ஒன்று. மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, பலூனை ஊதி அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நேரம்தான் உயிர். சீக்கிரம் போனால் தசை பிழைக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். நடந்தால் இதயத்துக்கு இன்னும் ஆக்சிஜன் வேண்டும்.

இரண்டு: உடனே ஆம்புலன்சை அழையுங்கள். பல மாநிலங்களில் 108. நாடு முழுவதற்கும் அவசர எண் 112. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்று: ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி மருத்துவரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ சொன்னால் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இதய மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

நான்கு: ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மருத்துவர் இருக்கச் சொன்னால் இருங்கள். மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

ஐந்து: ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் என்ன செய்வது? இதயம் நின்றிருக்கலாம். ஆம்புலன்சை அழைத்துவிட்டு, நடு நெஞ்சில் இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சுமார் இரண்டு அங்குல ஆழம். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். ஏன் இது? இரத்தத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். வண்டியை ஓட்டத்தான் ஆள் இல்லை. உங்கள் கை சிறிது நேரம் வண்டியை ஓட்டுகிறது. மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம்தான் தாங்கும்.

வருமுன் காப்போம்

பீடி, சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அது ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நெல் ஏற்ற வேண்டிய சாக்கில் உமி நிரம்பினால் எப்படி? புகை, குழாயின் உள்சுவரையும் கெடுக்கும். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகையிலும் இதே வாயு உண்டு. அடுப்பை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் புகை வெளியேற வழி செய்யுங்கள். பீடியை விட்டவருக்கு நல்ல செய்தி இருக்கிறது. ஓராண்டிலேயே புகையால் கூடிய இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

அடுத்தது இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. சாக்கு குறைவு. ஆகவே வண்டி அதிகத் தடவை ஓட வேண்டும். இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏற்கெனவே குழாய் குறுகியவருக்கு இது இரட்டைச் சுமை. கீரை, பயறு, கேழ்வரகு சாப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்து, இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் விழுங்குங்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள், “உடம்பு நன்றாக இருக்கிறதே” என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உப்பு அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

இன்று செய்ய ஒரு வேலை

எழுதப் படிக்கக் கற்றது கையெழுத்துப் போட மட்டுமா? இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சுண்ணாம்புக் கட்டியோ கரித்துண்டோ எடுங்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, மூன்று வரி எழுதுங்கள்.

ஆம்புலன்ஸ் எண்.

இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனையின் பெயர்.

நடு இரவில் கூப்பிட்டால் வண்டி தரும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்.

இரண்டாவது வரிக்குப் பதில் தெரியவில்லையா? நாளைக்கே சுகாதார நிலையத்தில் கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கும் இரவில் யோசிக்க நேரம் இருக்காது. சுவரில் எழுதிய எழுத்து அப்போது பேசும்.