கலக்கி எடுத்த ஒரு கோப்பை



அம்பாங் பெச்சாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பள்ளி விடுமுறை நாள்களில் அம்மாவோடு பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போவேன். கிராணி வாளியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வார். பிறகு ஒரு கோப்பைப் பால் எடுத்து, தண்ணீர் சேர்த்து, மெட்ரோலாக் என்ற அளவுகோலை அதில் மிதக்கவிடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் அன்றைய பாலில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கு. கலக்காமல் மேலாக மொண்டால் அம்மா விடமாட்டார். "நல்லா கலக்கிட்டு எடுங்க ஐயா" என்பார். விடியற்காலையிலிருந்து அவர் பால் வெட்டிய அத்தனை மரங்களுக்கும் அந்த ஒரு கோப்பைதான் சாட்சி.

பல ஆண்டுகள் கழித்து, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் கல்லையும் திரவத்தையும் ஆய்வுக்குத் தயார்செய்யும் வேலைக்குப் போனேன். முதல் வாரமே கச்சா எண்ணெய் சீசா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நம் நாட்டுக் கச்சா எண்ணெய்கள் பலவற்றில் மெழுகு அதிகம். ஆய்வகக் குளிரில் அது உறைந்து அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் உறிஞ்சி எடுத்தால், மெழுகே இல்லாத எண்ணெய் என்று அறிக்கை போய்விடும். மூடியைத் திறக்காமல் வெதுவெதுப்பாகச் சூடேற்றி, குலுக்கி, ஒரே சீராகக் கலந்த பிறகுதான் பங்கு எடுக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் பெட்ரோல் போன்ற மென்பகுதி ஆவியாகிவிடும். அன்று எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது.

நிலத்தடி அழுத்தத்தோடு எஃகு உருளையில் பிடித்து வரும் மாதிரிக்கு இன்னும் பொறுமை வேண்டும். கிணற்றின் ஆழத்தில் இருந்த அதே வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் திரும்பக் கொண்டுபோய், நாள்கணக்கில் ஆட்டி, பிரிந்துபோன வாயு மறுபடி கரைந்த பிறகே வால்வைத் திறப்போம்.

1910இல் மிரியில் முதல் கிணறு எண்ணெய் தந்த நாளிலிருந்து மலேசியாவில் எண்ணெய் எடுக்கிறோம். அந்த எண்ணெய் எந்தப் பாறையில் பிறந்தது, எவ்வளவு வெந்தது என்று கேட்பதுதான் பெட்ரோலியப் புவிவேதியியல். திரங்கானு கடலடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையை யாரும் போய்ப் பார்க்க முடியாது. துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றோடு மேலே வரும் கல்துகள் ஒரு பிடிதான் நமக்குக் கிடைக்கும். அதிலும் மேல் அடுக்கிலிருந்து சரிந்து விழுந்த துகள் கலந்திருக்கும். சேற்றில் சேர்த்த ரசாயனமும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, 40 டிகிரி அளவிலேயே காயவைத்து, நுண்நோக்கியின் கீழ் வைத்து, இடுக்கியால் துகள் துகளாகப் பொறுக்குவோம். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். இங்கே கல்லில் கல் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு அரை நாள்கூட ஆகும். இந்த வேலையைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பொறுக்கியதை மாவாக இடித்து, சுமார் 100 மில்லிகிராம், அதாவது நாலைந்து அரிசி மணி எடை, ராக்-ஈவல் இயந்திரத்தில் வைத்துச் சூடேற்றினால், கல்லில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய் முதலில் வெளிவரும்; சூடு ஏற ஏற, இனிமேல் பிறக்கக்கூடிய எண்ணெய் வெளிவரும்.

கடலடிக் கல் அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஆனால் நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது: ரவாங்கைத் தாண்டி பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் அந்தக் கரிதான் போயிற்று. வெட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கரியோடு சேர்ந்தே எண்ணெய் தரும் களிப்பாறையும் அங்கே படிந்திருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் அங்கே ஒரு கல் எடுத்தேன். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலில் கரிமப் பொருள் சிதைந்திருக்கும். கொத்தி, பின்னாலிருக்கும் புதுக் கல்லைத்தான் எடுக்க வேண்டும். அதைச் சரியாகவே செய்தேன். ஆனால் எடுத்த கல்லைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். கரைப்பானில் மூன்று நாள் சாறு இறக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, கருவியில் ஓட்டினால், வரைபடத்தில் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு ஒரு முகடு. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் தாலேட் அது. மூன்று நாள் வேலையும் போயிற்று, கல்லும் போயிற்று. அன்றிலிருந்து அலுமினியத் தாளில்தான் சுற்றுவேன். வெறுங்கையால் தொடமாட்டேன், நம் தோலின் எண்ணெய்கூட வரைபடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு தொகுதியோடும் கல்லே இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே வழியில் ஓட்டிப் பார்ப்போம். அதில் ஏதாவது தெரிந்தால் குற்றம் கல்லுடையதல்ல, நம்முடையது.

இத்தனை சுத்தம் எதற்கு என்று கேட்கலாம். தென்கிழக்காசிய எண்ணெய்கள் பலவற்றில் பைகேடினேன் என்றொரு சேர்மம் இருக்கிறது. நம் காட்டு மெராந்தி போன்ற மரங்கள் வடிக்கும் டாமார் பிசினிலிருந்து, நம் சாமியறையில் புகை போடும் குங்கிலிய வகைப் பிசினிலிருந்து, வந்தது அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறு அடித்துக்கொண்டுபோன காடு, எண்ணெயான பிறகும் தன் பிசினின் அடையாளத்தை விடவில்லை. வரைபடத்தில் அது சிறிய முகடாகவும் நிற்கலாம். ஒரு விரல் ரேகை போதும், அதை மறைக்க.