குடிபெயர்ந்தோர் எங்கே போயினர்?

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் பெரியவர் ஒருவர் எம்மை மறித்து, "தம்பிமாரே, ஒரு கடை சரியில்லை என்றால் மற்றக் கடைக்குப் போவதுதானே, இதிலே பேச என்ன கிடக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு விடை கூறுவதே எமது பேச்சு என்று கொள்ளுங்கள்.

கடை மாறுவது எளிது. ஊர் மாறுவது எளிதன்று. ருவிற்றரும் முகநூலும் கடைகள் அல்ல, ஊர்கள். அங்கே எமது எழுத்து இருக்கிறது. எம்மை அறிந்தோர் இருக்கின்றனர். ஆனால் ஊரின் நிலம் முழுவதும் ஒரு கம்பனிக்கே சொந்தம். 2022 ஒக்ரோபரில் எலொன் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு ருவிற்றரை வாங்கியபோது குடியிருந்தோரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு மாற்றாக எழுந்தவையே பரவலாக்கப்பட்ட தளங்கள். எமது நாட்டுத் தபாற் பகுதி வேறு, ஜேர்மனியின் தபாற் பகுதி வேறு. ஆயினும் இங்கிருந்து இட்ட கடிதம் அங்கே போய்ச் சேருகிறது. இருசாராரும் பொது விதி ஒன்றுக்கு உடன்பட்டிருப்பதே காரணம். அவ்வாறே பலர் தத்தம் கணினி வழங்கிகளைத் தனித்தனியே நடத்தி, பொது நெறிமுறை ஒன்றினால் ஒன்றோடொன்று பேச வைக்கின்றனர். 2016இல் ஜேர்மனியில் இயூகன் ரொச்கோ என்னும் இளைஞர் தொடங்கிய மஸ்டடொன் இத்தகையது.

ருவிற்றர் கைமாறிய சில வாரங்களுள் மஸ்டடொனுக்கு வெள்ளம்போல் ஆட்கள் வந்தனர். 2022 முடிவில் மாதந்தோறும் வருவோர் ஏறக்குறைய 25 இலட்சம். வந்த வெள்ளம் வற்றவும் செய்தது. ஈராண்டுகளுள் அத்தொகை 10 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

ஏன் வற்றியது? அந்த வெள்ளத்திலே நாமும் மிதந்தோம். ஆகையால் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும்.

2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் நாங்கள் ஐவர் ஒரே ருவிற்றர்க் கணக்கை வைத்து, எந்த நிலையத்துக்குப் பெற்றோல் வந்தது, வரிசை எதுவரை நிற்கிறது என்று எழுதி வந்தோம். சில நூறு பேர் எம்மைப் பின்தொடர்ந்தனர். மஸ்க் வந்ததும் இளங்கன்று பயமறியாது என்றபடி ஊரைவிட்டு வெளியேறத் தீர்மானித்தோம். மஸ்டடொனின் வாசலிலே முதற் கேள்வி, எந்த வழங்கியில் சேரப் போகிறீர்கள் என்பது. நூற்றுக்கணக்கான பெயர்கள், ஒன்றையேனும் நாம் அறியோம். அதைத் தெரிவதிலேயே இரண்டு மாலைகள் கழிந்தன. மிஷன் பாடசாலையிற் படித்த ஆங்கிலம் கைகொடுத்தபடியால் விதிகளை வாசித்து முடித்தோம். எம்மைப் பின்தொடர்ந்தோரில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கும்? வந்து சேர்ந்தோர் பதினொருவர்! இந்த இடர்ப்பாட்டை மஸ்டடொன்காரரும் பின்னர் உணர்ந்தனர் போலும். 2023 மே மாதத்தில் தமது சொந்த வழங்கியையே புதியோருக்கு முன்வாசலாக்கினர். பரவலாக்கத்தை வளர்க்க ஒரு வாசலிற் கூட்டம் சேர்க்க வேண்டியதாயிற்று.

புளூஸ்கை இந்தப் பாடத்தை நன்கு கற்றது எனலாம். 2019இல் ருவிற்றருக்குள்ளேயே முளைத்த முயற்சி அது. பின்னர் தனிக் கம்பனியாகி, 2024 பெப்ரவரிவரை அழைப்புப் பெற்றோரை மாத்திரமே உள்ளே விட்டது. அப்போது அங்கே சுமார் 30 இலட்சம் கணக்குகள். அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரேசில் நாட்டு உயர் நீதிமன்றம் எக்ஸ் எனப் பெயர்மாறியிருந்த ருவிற்றரைத் தடைசெய்ய, செப்ரெம்பரில் கணக்குகள் 1 கோடியைத் தாண்டின. அமெரிக்கத் தேர்தல் முடிந்த நவம்பரில் 2 கோடி; 2025 முடிவதற்குள் 4 கோடி. முன்வாசல் ஒன்றே, எந்த வழங்கி என்ற கேள்வியே எழாது. ஒருவர் தொகுத்துத் தந்த பெயர்ப்பட்டியலை ஒரே தொடுகையிற் பின்தொடரும் வசதியும் உண்டு. அயலவரோடு சேர்ந்து குடிபெயர்ந்தாற்போல இருக்கும்.

ஆனால் இத்தொகைகளை அருகருகே வைத்து ஒன்றை வென்றது, மற்றதைத் தோற்றது என்று கூறுவோர் தவறுகின்றனர். 4 கோடி என்பது பதிந்த கணக்கு. 10 இலட்சம் என்பது மாதந்தோறும் வரும் ஆள். புளூஸ்கையிலும் 2024 நவம்பரில் உச்சிக்கு ஏறிய அன்றாட வருகை 2025இல் இறங்கிற்று. இரு தளங்களுக்கும் ஆட்களைத் துரத்திவிட்டது பெரும்பாலும் பழைய ஊரின் கோபமே; புதிய ஊரின் கவர்ச்சி அடுத்ததே. திரெட்ஸைப் பாருங்கள்: 2023 ஜூலையில் ஐந்து நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தனர். இன்ஸ்ரகிராம் கணக்கோடு நேரே நுழையலாம் என்பதே அதன் இரகசியம். மஸ்டடொனின் நெறிமுறை அங்கே பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

புளூஸ்கையின் எளிமைக்கு விலையும் உண்டு. கணக்கையும் எழுத்தையும் வேறு வழங்கிக்குக் கொண்டுபோகலாம் என அதன் நெறிமுறை இடம் தருகிறது. ஆனால் மிகப் பெரும்பான்மையோரின் கணக்குகள் அந்தக் கம்பனியின் கணினிகளிலேயே கிடக்கின்றன. படலை இருக்கிறது, அதைத் திறந்து போனவர் சிலரே. மஸ்டடொனில் நிலைமை மறுபக்கம். பின்தொடர்வோரைக் கூட்டிக்கொண்டு வேறு வழங்கிக்குப் போகலாம். எழுதியவை கூட வரமாட்டா.

இதை நாம் பட்டறிந்தோம். நாம் சேர்ந்த சிறு வழங்கியை நடத்தியவர் செலவைத் தாங்கமாட்டாமல், மூன்று மாத முன்னறிவித்தல் தந்து அதை மூடினார். அவர்மீது குறையில்லை. நாமோ பரீட்சைக் காலத்திலே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முன்னரே வீறாப்பிலே ருவிற்றர்க் கணக்கையும் அழித்திருந்தோம். வரிசைக் காலத்தில் எழுதியவற்றுள் முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டு அங்கே ஏற்றியிருந்தோம். ஒரு பிரதியெடுக்கும் பொத்தானை அழுத்தியிருந்தாற் போதும். எல்லாம் போயிற்று.

இன்று எம்முள் மூவர் புளூஸ்கையில் இருக்கின்றனர். ஒருவர் முகநூலோடு நின்றுவிட்டார். மற்றவர் மஸ்டடொனிலே வேறொரு வழங்கிக்குப் போய், அந்தப் பதினொருவருள் எழுவரைத் தேடிப் பிடித்துவிட்டார். பெற்றோல் வரிசையைப் பற்றிய குறிப்புகளைத் தம் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்ததாக அவர்களுள் ஒருவர் போன வாரம் எழுதியிருக்கிறார். எத்தனை படங்கள் என்று கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.