முகத்தின் முன் நிற்கும் துணிவு



பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுக்குச் செல்லும் இளைஞர், கைத்தொலைபேசியை எடுத்துப் பரவைக் கடலைப் படம்பிடிப்பார், பனைகளையும் படம்பிடிப்பார். கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் முதியவரைக் கண்டதும் அவர் கை தயங்கும். சினந்துகொள்வாரோ என்னும் அச்சம். வீட்டிலோ தயக்கம் வேறு வகையானது. அம்மம்மாவைப் படம்பிடிக்க முனைந்தால், “இந்தச் சீலையோடையோ? விடு பிள்ளை” என்பார். நாளைக்கு ஆகட்டும் என்று பேரன் விட்டுவிடுவான். இந்த ‘நாளை’தான் அச்சத்தினும் பெரிய தடை.

ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் அம்மையாருக்கு முதற் புகைப்படக் கருவி கிடைத்தது 1863இல். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. மகளும் மருமகனும் தந்த பரிசு அது. வீட்டுப் பணிப்பெண், பெறாமகள், அயலவர் என்று அருகிலிருந்தோரை அவர் அமர்த்திப் பிடித்தார். படம் பதியுமட்டும் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டிய காலம் அது! டார்வின், டெனிசன் முதலிய பெரியோரும் அவர்முன் அமர்ந்தனர். 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் எளிய மக்களைப் படம்பிடித்தார். 1879இல் இத்தீவிலேயே மறைந்தார். ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் அவர் பிடித்த முகங்கள் பலவற்றுக்குப் பெயர் உண்டு. இங்கே பிடித்தவற்றுள் ஒன்று, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்றே நிற்கின்றது. அவர்கள் யார் மக்கள், எவ்வூரார், யாரிடம் இனிக் கேட்பது?

மண்டைதீவார்க்கு இக்கேள்வி புதியதன்று. 1990 ஆகஸ்டில், யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையை உடைக்கும்பொருட்டு இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது, மக்கள் வீடு வாசல்களை விட்டு அகன்றனர். காணாமற்போனோரும் உளர். உயிரைக் கையிற் பிடித்து ஓடுபவர் சுவரிலுள்ள படத்தைக் கழற்றிச் செல்வரோ? 2017இலே கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கையில் ஏந்தியவை பிள்ளைகளின் படங்களே. அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடம் ஒன்றே எஞ்சிய வீடும் உண்டு. அதில் பிள்ளை சிரிப்பதில்லை.

ஆகையால் வீட்டிலேயே தொடங்குதல் நன்று. அம்மம்மா மாற்றுச் சீலை உடுக்கும்வரை காத்திருக்கலாம்; அல்லது அரிசி புடைக்கையில் கதை கொடுத்துக்கொண்டே பிடிக்கலாம். நண்பகல் வெயிலில் கண் சுருங்கும். கடலொளியும் சேர்ந்து முகம் கறுத்துத் தோன்றும். காலையில் விறாந்தை ஓரம் போதும். தொலைபேசியை முகத்தருகே நீட்டினால் மூக்குப் பெருத்துவிடும். இரண்டடி பின்வாங்குதல் வேண்டும். கூர்மை கண்களில் விழட்டும்.

வலை பொத்துபவரிடம் செல்கையில் கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும். “ஐயா, இன்றைக்கு இறால் பட்டதோ?” என்று தொடங்கிச் சற்று அமர்ந்திருந்தால் பேச்சு வளரும். பின்பு, “ஒரு படம் எடுக்கட்டோ?” என்று வெளிப்படையாகக் கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாந்தான், அதில் இழிவொன்றுமில்லை. இசைந்தால் இரண்டு மூன்று படங்கள் எடுத்து, உடனே அவரிடமே காட்டுதல் நல்லது. தம் முகத்தைக் கண்டவர் மறுமுறை தாமே நிமிர்ந்து அமர்வார். மறுவாரம் தாளில் அச்சிட்ட படியொன்றை அவர் கையிற் கொடுத்து, தம்மிடமுள்ள படியின் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வைக்கலாம்.